சிறுவர் இல்லம் கண்ட மருத்துவர்

இத்தாலியின் தலைநகரான ரோம் நகரில் சான் லொரென்ஸோ என்னும் பகுதி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கடியான அடுக்குமாடிக் கட்டடங்களில் வாழ்ந்துவந்தனர். கட்டட நிறுவனம் ஒன்று பழுதடைந்த சில கட்டடங்களை வாங்கிச் சீரமைத்துக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. விடிந்ததும் தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றுவிடுவார்கள். மூத்த பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். பள்ளி வயதை எட்டாத சிறுவர்களோ கேட்பாரின்றிப் படிக்கட்டுகளிலும் முற்றத்திலும் சுற்றித் திரிந்தனர். புதுச் சுவர்களில் கிறுக்கினர். கைக்கு எட்டியதைச் சேதப்படுத்தினர். ஓயாமல் பழுதுபார்ப்பதைவிட அச்சிறுவர்களை ஓர் அறையில் ஒன்றுசேர்த்துப் பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தினால் செலவு குறையும் என நிறுவனத்தினர் கணக்கிட்டனர்.

சுவர்களைக் காப்பதற்காகத் திறக்கப்பட்ட அந்த அறை, பின்னாளில் உலகின் பல நாடுகளில் பாலர் பள்ளிகளின் அமைப்பையே மாற்றியது. அதன் பொறுப்பை ஏற்றவர் டாக்டர் மரியா மாண்டிசோரி. அவர் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர்; மருத்துவர். குழந்தைகளைக் காவல் காத்தால் போதும் என்று நிறுவனம் நினைத்த இடத்தில், அவர்களைக் கூர்ந்து கவனிக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அந்த வேறுபாடே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று.

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், இத்தாலியின் கியாராவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெஸ்ஸான்ட்ரோ அரசாங்க அதிகாரி. தாய் ரெனில்டே நூல்களை விரும்பிப் படிப்பவர். மரியாவுக்கு ஐந்து வயதானபோது குடும்பம் ரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண்கள் படித்தால் ஆசிரியை ஆகலாம்; அதற்கு மேல் வேண்டாம் என்று பலரும் எண்ணிய காலம் அது. மரியாவோ கணக்கில் நாட்டம் கொண்டு, பெரும்பாலும் ஆண்களே பயின்ற தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் பொறியியலாளர் ஆக விரும்பினார். பின்னர் மருத்துவம் படிக்க முடிவு செய்தார். தந்தைக்கு அதில் உடன்பாடில்லை. தாயோ மகளுக்குத் துணை நின்றார்.

மருத்துவப் படிப்புக்குள் நுழைவது எளிதாக இருக்கவில்லை. முதலில் ரோம் பல்கலைக்கழகத்தில் இயற்கை அறிவியல் பயின்று தேர்ச்சி பெற்ற பிறகே அவர் மருத்துவ மாணவியாக முடிந்தது. மனித உடலை அறுத்துப் பயிலும் வகுப்பில் ஆண்களுடன் ஒரு பெண் இருப்பது தகாது என்று கருதப்பட்டது. ஆகவே, மற்ற மாணவர்கள் சென்ற பிறகு மாலை வேளையில் பிணவறையில் அவர் தனியே பயில வேண்டியிருந்தது. எள்ளி நகையாடியவர்களும் உண்டு. அவர் மனம் தளரவில்லை. 1896ஆம் ஆண்டில் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார். அதே ஆண்டில் பெர்லின் நகரில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் கலந்துகொண்டு, வேலை செய்யும் பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான ஊதியம் வேண்டும் என வலியுறுத்தினார்.

அதன் பிறகு, பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணியாற்றினார். அப்பணியின் பொருட்டு நகரிலிருந்த மனநலக் காப்பகங்களுக்குச் செல்வார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட சிறுவர்களும் அங்கே அடைத்து வைக்கப்பட்டிருந்தனர். ஓரிடத்தில், உணவு உண்டு முடித்த சிறுவர்கள் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைத் தேடிப் பொறுக்கினர். அவர்களைப் பார்த்துக்கொண்ட பெண் அதைக் கண்டு அருவருப்படைந்தார். மரியா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்க்கவோ கையில் எடுத்து விளையாடவோ அங்கு ஒரு பொருள்கூட இல்லை. அச்சிறுவர்களின் தேடலுக்கு வயிற்றுப் பசி காரணமன்று. கைகளுக்கும் மனத்திற்கும் வேலையில்லாத வெறுமையே காரணம் என்பதை அவர் உணர்ந்துகொண்டார்.

அந்த எண்ணம் அவரை நூல்களிடம் கொண்டுசென்றது. பிரெஞ்சு மருத்துவர்களான இத்தார், செகுவின் ஆகிய இருவரும் பல ஆண்டுகளுக்கு முன்பே இத்தகைய குழந்தைகளுக்குப் பொருள்களின் வழியாகக் கற்பித்திருந்தனர். அவர்களுடைய நூல்களை மரியா தம் கைப்பட இத்தாலிய மொழிக்குப் பெயர்த்து எழுதினார். சொல்லுக்குச் சொல் எழுதினால்தான் அவர்களின் கருத்தை நிதானமாகச் சிந்திக்க முடியும் என அவர் நம்பினார். 1900ஆம் ஆண்டில் ரோம் நகரில் இக்குழந்தைகளுக்கென ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அதன் இயக்குநர்களுள் ஒருவராகப் பொறுப்பேற்ற மரியா, காலை முதல் மாலை வரை குழந்தைகளுடனேயே இருந்தார். அவரிடம் பயின்ற சிலர் பொதுப் பள்ளி மாணவர்களோடு தேர்வெழுதித் தேர்ச்சி பெற்றனர். ஊரே வியந்து பாராட்டியது. மரியாவுக்கோ அந்தப் பாராட்டு வேறொரு கேள்வியை எழுப்பியது. குறைபாடுள்ள குழந்தைகள் இவ்வளவு முன்னேற முடியுமானால், நலமாக உள்ள குழந்தைகள் இதே அளவிலேயே நின்றுவிடுவது ஏன்? பள்ளிகள் அவர்களைத் தடுத்து நிறுத்துகின்றனவா? விடை காண, அவர் மீண்டும் பல்கலைக்கழக மாணவியாகி மெய்யியலும் உளவியலும் மனிதவியலும் கற்றார்.

இதற்கிடையே அவருடைய சொந்த வாழ்வில் ஆறாத வருத்தம் ஒன்று இருந்தது. 1898ஆம் ஆண்டில் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். அன்றைய சமூகச் சூழலில் அவனைத் தம்முடன் வைத்து வளர்க்க அவரால் இயலவில்லை. ஊர்ப்புறத்தில் வேறொரு குடும்பத்தினர் அவனை வளர்த்தனர். தாம் பெற்ற பிள்ளையை அவ்வப்போது சென்று பார்க்க மட்டுமே முடிந்த ஒரு தாய், பிறர் பெற்ற பிள்ளைகளின் வளர்ச்சிக்காகப் பாடுபட்டார். பதின்ம வயதில் தாயிடம் வந்து சேர்ந்த மரியோ, பிற்காலத்தில் அவருக்கு வலக்கரமாக விளங்கினார்.

இத்தகைய அனுபவங்களோடுதான் மரியா சான் லொரென்ஸோவுக்கு வந்தார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அந்த இல்லம் திறக்கப்பட்டது. அதற்குச் சிறுவர் இல்லம் என்று பெயரிடப்பட்டது. மூன்று வயது முதல் ஆறேழு வயது வரையிலான ஐம்பது அறுபது குழந்தைகள் வந்தனர். பலர் அழுதுகொண்டும் அஞ்சி ஒடுங்கியும் நின்றனர். அவர்களைக் கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பெண்மணியும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். மரியா அதைக் குறையாகக் கருதவில்லை. பழைய கற்பித்தல் முறைகள் அறியாதவர் என்பதால், குழந்தைகளை அதட்டி உட்கார வைக்க மாட்டார் என எண்ணினார்.

முதலில் அறையின் அமைப்பு மாறியது. பெரியவர்களுக்கேற்ற மேசை நாற்காலிகளுக்குப் பதிலாக, மூன்று வயதுக் குழந்தைகூடத் தூக்கி நகர்த்தக்கூடிய சிறிய மேசைகளும் நாற்காலிகளும் செய்யப்பட்டன. கைகழுவும் தொட்டி குழந்தையின் உயரத்திற்குத் தாழ்வாக அமைந்தது. இலேசான நாற்காலியைக் குழந்தைகள் தள்ளிவிடுவார்களே என்று சிலர் கேட்டனர். தள்ளினால் அது ஓசையுடன் விழும்; அந்த ஓசையே குழந்தைக்கு நிதானமாக நடக்கக் கற்றுத்தரும் என்பது மரியாவின் பதில். அசையாத கனமான இருக்கை குழந்தையை அடக்கி வைக்குமே தவிர, அடக்கத்தைக் கற்பிக்காது என்று அவர் விளக்கினார்.

அவர் செய்த முக்கியமான வேலை, கவனிப்பது. ஒரு நாள், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையிலுள்ள துளைகளில் வெவ்வேறு அளவுள்ள மர உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் பொருத்தியதும் வெளியே எடுத்து மீண்டும் தொடங்கினாள். அவளுடைய கவனத்தைச் சோதிக்க, மற்றக் குழந்தைகளைப் பாடச் சொன்னார் மரியா. சிறுமி நிமிரவில்லை. அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். உருளைகளை மடியில் அணைத்துக்கொண்ட அவள், அங்கேயும் தன் வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்த பிறகு, யாரும் சொல்லாமலே நிறுத்திவிட்டு மகிழ்ச்சியோடு நிமிர்ந்து பார்த்தாள். சிறு குழந்தைகளால் ஒன்றில் நிலைத்து நிற்க முடியாது என்று அதுவரை சொல்லப்பட்டது. தனக்கேற்ற வேலை கிடைத்தால் குழந்தை தானாகவே ஒன்றிப்போகும் என்பதை மரியா அன்று கண்டார்.

மற்றொரு நாள், பொருள்கள் வைக்கப்பட்டிருந்த அலமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டார். குழந்தைகள் தாங்களாகவே அதைத் திறந்து வேண்டிய பொருள்களை எடுத்துக்கொண்டனர். ஆசிரியை அதைத் திருட்டு எனக் கருதினார். மரியாவோ, ஒவ்வொரு குழந்தையும் தனக்கு வேண்டியது எது என்பதை அறிந்திருப்பதைப் பார்த்தார். அதன் பிறகு பூட்டிய அலமாரிக்குப் பதிலாகக் குழந்தைகளின் கைக்கு எட்டும் திறந்த அடுக்குகள் வந்தன. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்ற ஒரே ஒழுங்கு போதுமானதாக இருந்தது. கொடையாளர்கள் தந்த அழகிய பொம்மைகள் அருகிலேயே இருந்தும், குழந்தைகள் பெரும்பாலும் வேலை செய்யும் பொருள்களையே நாடினர்.

கைகழுவுதல், பொத்தான் போடுதல், தரையைப் பெருக்குதல், உணவு பரிமாறுதல் போன்ற அன்றாட வேலைகளும் பாடங்களாயின. ஒரு முறை மரியா, கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பது எப்படி என்று பொறுமையாகச் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். குழந்தைகளோ அமைதியாகப் பார்த்துவிட்டு, முடிவில் பலமாகக் கைதட்டினர். அவர் திகைத்துப்போனார். மூக்கைச் சிந்தத் தெரியவில்லை என்று பெரியவர்கள் அவர்களைத் திட்டியதுண்டு. இழிவுபடுத்தாமல் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. மானமும் மதிப்பும் பெரியவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை அந்தக் கைதட்டல் உணர்த்தியது.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள், தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தும் கற்றுத்தர வேண்டுமெனக் கேட்டுக்கொண்டனர். அவ்வளவு சிறு வயதில் எழுத்து வேண்டாமென்று முதலில் தயங்கிய மரியா, பிறகு சொரசொரப்பான தாளில் எழுத்துகளை வெட்டி அட்டைகளில் ஒட்டினார். குழந்தைகள் விரலால் எழுத்தைத் தடவி, அதன் ஒலியைச் சொல்லிப் பழகினர். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில், வெயில் அடித்த ஒரு நாளன்று, மொட்டை மாடியில் தம் அருகில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுச் சிறுவனிடம் வெண்கட்டியைத் தந்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையுமாறு சொன்னார். அவன் தரையில் வரைந்தான். அதன் கீழே அச்சொல்லையும் எழுதச் சொன்னார். அவன் எழுதிவிட்டான். தனக்கு எழுதத் தெரிகிறது என்று ஆனந்தக் கூச்சலிட்டான். மற்றக் குழந்தைகளும் வெண்கட்டியைக் கேட்டு வாங்கி எழுதத் தொடங்கினர். சுவர்களைக் கிறுக்கிய கைகள் சொற்களை எழுதக் கற்றுக்கொண்டன.

அந்த இல்லத்தில் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆனால், பெற்றோருக்குக் கடமைகள் இருந்தன. பிள்ளைகளைக் குறித்த நேரத்தில், தூய்மையான உடலோடும் உடையோடும் அனுப்ப வேண்டும். ஆசிரியையை மதிக்க வேண்டும். வாரம் ஒரு முறையேனும் அவரோடு பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியையும் அதே குடியிருப்பிலேயே தங்கியிருந்தார். குழந்தைகளின் உயரமும் எடையும் அளந்து குறிக்கப்பட்டன. அதனால் வேலைக்குப் போகும் தாய், பிள்ளை என்ன ஆனதோ என்ற கவலையின்றி உழைக்க முடிந்தது. உடல்நலம், கற்றல், வீட்டுடனான உறவு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ் இணைந்தன. அதே ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அப்பகுதியிலேயே இரண்டாவது இல்லமும், மறு ஆண்டில் மிலான் நகரில் இன்னோர் இல்லமும் திறக்கப்பட்டன.

1908ஆம் ஆண்டின் இறுதியில் மெசினா நகரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. பெற்றோரை இழந்த குழந்தைகள் சிலர் ரோம் நகருக்குக் கொண்டுவரப்பட்டனர். பேச மறந்து, உண்ண மறுத்து, உறக்கமின்றித் தவித்த அவர்களுக்காகக் கன்னியர் மடம் ஒன்றில் சிறுவர் இல்லம் அமைந்தது. ஒழுங்கான நாளும் அன்பான கவனிப்பும் கைக்கேற்ற வேலையும் அவர்களை மெல்ல மெல்ல மீட்டன. 1909ஆம் ஆண்டில் மரியா தம் முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. 1915ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் கொண்ட வகுப்பறை ஒன்று அமைக்கப்பட்டது. மக்கள் வெளியே நின்று குழந்தைகள் வேலை செய்வதைக் கண்டு வியந்தனர்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக், மரியாவின் பொருள்கள் கற்பனைக்கும் கூடி விளையாடுவதற்கும் போதிய இடம் தரவில்லை என்று 1914ஆம் ஆண்டில் குறை கூறினார். அதன் பிறகு அந்நாட்டில் ஆர்வம் தணிந்தது. இத்தாலியிலோ வேறு வகையான நெருக்கடி. சர்வாதிகாரி முசோலினி முதலில் அவருடைய பள்ளிகளை ஆதரித்தார். ஆனால், தானே சிந்திக்கக் கற்ற குழந்தையும் கட்டளைக்கு மட்டும் பணியும் குடிமகனும் ஓரிடத்தில் வளர முடியாது. 1930களில் இருவருக்குமிடையே உறவு முறிந்தது. இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினில் குடியிருந்த மரியா, 1936ஆம் ஆண்டில் அங்கு உள்நாட்டுப் போர் மூண்டதும் நெதர்லாந்துக்குச் சென்றார்.

1939ஆம் ஆண்டில், தம் 69ஆவது வயதில், பிரம்ம ஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று மகன் மரியோவுடன் சென்னை அடையாறுக்கு வந்தார். ஓலைக் குடில்கள் நிறைந்த தோப்பில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயிற்சி பெறக் கூடினர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். மறு ஆண்டில் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலியர் என்பதால் மரியோ காவல் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மரியா சபை வளாகத்தைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. முன்பு சமூகத்தால் மகனைப் பிரிந்த தாய், இப்போது போரால் பிரிந்தார். 1940ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள், அவருடைய 70ஆவது பிறந்த நாள் பரிசாக, மரியோவை விடுவிப்பதாக இந்தியாவை ஆண்ட வைசிராய் தந்தி அனுப்பினார்.

சில மாதங்கள் தங்க வந்தவர், போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்தார். கொடைக்கானல் மலையில் பல வயதுக் குழந்தைகள் ஒன்றாகப் பயிலும் பள்ளியை நடத்தினார். அங்கே செடி கொடிகளும் பூச்சிகளும் பறவைகளும் பாடங்களாயின. பிறந்த குழந்தைகளையும் அவர் உற்று நோக்கினார். தாயுடன் எங்கும் செல்லும் குழந்தை, யாரும் பாடம் நடத்தாமலேயே தாய்மொழியையும் சுற்றத்தாரின் பழக்கவழக்கங்களையும் உள்வாங்கிக்கொள்கிறது என்ற அவருடைய கருத்து வலுப்பெற்றது. முதல் ஆறு ஆண்டுகளே மனித வாழ்வின் அடித்தளம் என்னும் அக்கருத்தை விளக்கும் உள்வாங்கும் மனம் என்ற நூல், 1949ஆம் ஆண்டில் அடையாறிலிருந்தே வெளிவந்தது. அகமதாபாத், கராச்சி முதலிய நகரங்களிலும் அவர் பயிற்சி நடத்தினார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் பயின்றனர். பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், 81ஆவது வயதில், நெதர்லாந்தின் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில் அவர் இயற்கை எய்தினார்.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது நம் பழமொழி. சிறு வயதின் அருமையை நம் முன்னோரும் அறிந்திருந்தனர். குழந்தையைப் பெரியவர்கள் வளைக்க வேண்டியதில்லை. தானே வளர்வதற்கேற்ற இடத்தை அமைத்துத் தந்தால் போதும் என்பதை மரியா அதனோடு சேர்த்தார். இன்று தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் பெருகிவிட்டன. பிள்ளைகளைப் பராமரிப்பு மையத்தில் விடாமல் பல பெற்றோரால் வாழ்க்கையை நடத்த இயலாது. அத்தகைய மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தின் அழகையும் பொம்மைகளின் எண்ணிக்கையையும் மட்டும் பார்ப்பது போதாது. பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்டுகின்றனவா, பிள்ளை தொடங்கிய வேலையை முடிக்கும்வரை பெரியவர்கள் காத்திருக்கிறார்களா, தவறு செய்த குழந்தையை இழிவுபடுத்தாமல் கற்பிக்கிறார்களா, பெற்றோரோடு பேசுகிறார்களா என்று பார்க்க வேண்டும். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத ஏழைக் குடியிருப்பிலேயே இவை அனைத்தும் சாத்தியமாயின. அங்கு முதலில் கிடைத்தது, குழந்தைகளைப் பொறுமையாகக் கவனித்த ஒருவரின் மதிப்பு.